பெரியப்பாவுக்கு நோபல் பரிசு கிடைத்த வரலாறு

கோப்பாய்,
1992 மாசி,
அந்தியேட்டி முடிந்த இரவு.

அண்ணை, முதலில் ஒரு மன்றாட்டம். இந்தக் கடிதத்தை ஒருவருக்கும் காட்டாதையுங்கோ. உங்களோடு ஒரே அறையில் இருக்கிற நண்பர்களுக்கும் காட்ட வேண்டாம், குறிப்பாக எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்களுக்கு. ரொறன்ரோவில் ஒருவர் வாய் திறந்தால் அந்தக் கதை கொழும்புக்கு வந்து, கிளாலிக் கடலில் வள்ளம் ஏறி, எங்கள் ஒழுங்கைக்கு வந்து சேருகிற வேகம் உங்களுக்குத் தெரியாததல்ல. வாசித்து முடித்ததும் கிழித்துவிடுங்கோ. கிழித்ததையும் ஒரே குப்பைத் தொட்டியில் போடாதையுங்கோ.

அன்பும் மதிப்பும் உள்ள சண்முகநாதன் அண்ணை அவர்களுக்கு, சித்தப்பா மகள் குணலட்சுமி எழுதிக்கொள்வது. நல்லூர் முருகன் அருளால் இங்கே எல்லோரும் சுகம். என்னுடைய சுகத்தை மட்டும் நாளைக் காலை விடிந்த பிறகு பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் தகப்பனாரும் என் பெரியப்பாவுமாகிய அமரர் இராசநாயகம் அவர்களின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி இன்று நல்லபடியாக நடந்தேறியது. ‘நல்லபடியாக’ என்று எழுதிவிட்டு அந்தச் சொல்லையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டவில்லை. ஐயர் நேரத்துக்கு வந்தார், சோறு காணும் காணுமென்று மிஞ்சியது, ஒருவரும் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போகவில்லை. ஆனால் இன்று பந்தியில் கொடுத்த பெரியப்பாவின் நினைவு மலரை நாளை விடிந்ததும் எங்கள் கடைசிச் சித்தப்பா பரமலிங்கம் வீடு வீடாகப் போய்த் திருப்பி வாங்கி, கிணற்றடியில் குவித்துக் கொளுத்தப் போகிறார். அதைத் தடுக்க உங்கள் அம்மாவின் ஒரு சொல் போதும். பெரியம்மா மத்தியானத்திலிருந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. புத்தகம் எரிய வேண்டி வந்ததற்குக் காரணம் நான். எரிந்தால் அழப் போகிறவர்கள் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள். இக்கடிதம் உங்களிடம் வர ஒரு மாதம் ஆகும், புத்தகம் எரிய ஒரு தீக்குச்சி போதும் என்பது எனக்கு விளங்குகிறது. விளங்கியும் எழுதுகிறேன். விடியக் கொழும்புக்குப் போகிற ஒருவர் கடிதம் கொண்டுபோக ஒத்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் ஒரே மகன். வேறு யாரிடம் போய் முறையிடுவேன்?

முதலில் இருந்து சொல்கிறேன். நீங்கள் போன காலத்தில் இங்கே கரண்ட் இருந்தது. இப்போது ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனைகிற அளவுக்கு மண்ணெண்ணெய் விட்டு, திரி போட்டு எரிக்கிறோம். அந்த வெளிச்சத்தில்தான் எழுதுகிறேன், ஆகவே எழுத்து வளைந்தால் மன்னியுங்கோ. நீங்கள் போன காலத்தில் மாமரத்துக்குக் கீழே நிலம் மட்டமாக இருந்தது. இப்போது அங்கே குண்டுக்குப் பதுங்குகிற பங்கர் இருக்கிறது. ஊரில் எல்லோரும் ரயில் பாதையைக் கிளப்பிச் சிலிப்பர் கட்டைகளைக் கொண்டுவந்து பங்கருக்கு மூடி போட்டார்கள். பெரியப்பா மட்டும், “ரயில்வேயின்ரை சாமானை நான் தொடமாட்டன். நாளைக்கு ரயில் வந்தா ஆர் பதில் சொல்லுறது?” என்று பனங்குற்றிதான் போட்டார். ஸ்டேசன் மாஸ்டர் இளைப்பாறினாலும், ரயிலே நின்றுபோனாலும், அவர் ஸ்டேசன் மாஸ்டர்தான்.

விமானச் சத்தம் கேட்டால் ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லோரும் எங்கள் பங்கருக்குள்தான் ஓடிவருவார்கள், பனங்குற்றி பலம் என்று. உள்ளே இருட்டு. அழுகை. அழுகையை நிற்பாட்ட நான் ஒருநாள் பேய்க்கதை சொன்னேன். அது பிழையான யோசனை. மேலே விமானத்துக்குப் பயம், உள்ளே பேய்க்குப் பயம் என்று ஒரு சின்னவன் நடுப்படியில் நின்று, மேலே போவதா கீழே வருவதா என்று தெரியாமல் அழுதான். அன்று பின்னேரமே உங்கள் பெட்டியைத் திறந்தேன். கோபிக்கக் கூடாது. நீங்கள் சோதனைக்குப் படிக்கும்போது வாங்கி அடுக்கிய விஞ்ஞானச் சஞ்சிகைகள் அப்படியே இருந்தன, அரைவாசியைக் கறையான் படித்து முடித்திருந்தது. மிஞ்சியதை நான் படித்து, மறுநாள் பங்கருக்குள் மேரி கியூரியைப் பற்றிச் சொன்னேன். ஒழுகுகிற கொட்டகைக்குள் ஒரு பெண், தன் உயரமே இருந்த இரும்புத் தடியால் பெரிய பானையில் கறுப்புக் கற்குழம்பைக் கிண்டிக் கிண்டி, கடைசியில் இருட்டில் தானாக ஒளிருகிற ஒரு சிட்டிகைப் பொருளைக் கண்டெடுத்தாள் என்று சொன்னபோது பிள்ளைகள் மூச்சு விடவில்லை. விமானம் போனதை ஒருவரும் கவனிக்கவில்லை. எதிர்வீட்டுச் செல்வநாயகி, ஏழு வயது, முன்பல் இரண்டும் இல்லாதவள், “அக்கா, அது இஞ்சை இருந்தா எங்களுக்கு விளக்கு வேண்டாம் என்ன?” என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு அவர்கள் கதை கேட்பதில்லை. “அக்கா, ஒரு விஞ்ஞானி சொல்லுங்கோ” என்றுதான் கேட்பார்கள். நாளடைவில் விஞ்ஞானிகளைப் பங்கு போட்டும்கொண்டார்கள். மேரி கியூரி செல்வநாயகியின் ஆள். பூஞ்சணத்தில் பென்சிலினைக் கண்ட பிளெமிங் ஒருவனின் ஆள், சோளப்பொத்தியை ஆராய்ந்த பார்பரா மக்கிளின்ரொக் இன்னொருத்தியின் ஆள். “என்ரை ஆளைப் பற்றி நீ கதையாதை” என்று ஒழுங்கையில் சண்டைகூட நடந்தது. பெரியப்பா பங்கர் வாசற்படியில் பொக்கற் மணிக்கூட்டோடு இருந்து, கேட்காத மாதிரிக் கேட்பார். பத்தொன்பது வயதுச் சந்திரசேகர் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது, எரிந்து முடிகிற நட்சத்திரத்துக்கு என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டார் என நான் சொன்னபோது, இருட்டுக்குள் இருந்து பெரியப்பாவின் குரல் வந்தது. “கப்பல் நேரத்துக்குப் போய்ச் சேந்ததோ?” தெரியாது பெரியப்பா என்றேன். “முக்கியமானதை விட்டிட்டு என்ன சரித்திரம் எழுதியிருக்கிறாங்கள்” என்றார். விஞ்ஞானத்தைப் பற்றி அவர் என்னோடு கதைத்தது அவ்வளவுதான்.

பிள்ளைகள் இதையெல்லாம் புத்தகமாக எழுதித் தரச் சொல்லி நச்சரித்தார்கள். எதில் எழுத? கொப்பி இல்லை. பள்ளிக்கூடக் கணக்கையே பென்சிலால் எழுதி, மாஸ்டர் சரி போட்டதும் அழித்து, மேலே மறுபடி எழுதுகிறோம். இந்த நிலைமையில்தான் பெரியப்பா நித்திரையில் காலமானார். இந்தக் காலத்தில் படுக்கையில் சாவது ஒரு கொடுப்பினை என்று செத்தவீட்டுக்கு வந்த எல்லோரும் பொறாமையோடு சொன்னார்கள். நீங்கள் கொழும்பில் சொல்லி நினைவு மலருக்குத் தாள் அனுப்பினீர்கள். எத்தனையோ கை மாறி, கடைசியில் ஒரு சைக்கிள் கரியரில் அது வந்து இறங்கியபோது நான் போய் மணந்து பார்த்தேன். வெள்ளை வெளேரென்று, கோடுகூட இல்லாத தாள். படிக்கிற பிள்ளைகளுக்குக் கொப்பி இல்லாத ஊரில் செத்தவருக்குத் தாள் இருந்தது. அந்த நேரத்தில்தான் என் மனதில் களவு புகுந்தது.

மலருக்குப் பொறுப்பு சித்தப்பா. என் எழுத்து வடிவு என்று, அவர் சொல்லச் சொல்ல எழுதி அச்சகத்துக்குக் கொடுக்கிற வேலை எனக்கு. பதிகங்கள் எழுதினேன். வம்சாவளி எழுதினேன். பிறகு வாழ்க்கை வரலாறு. அன்னார் பிறந்தார், படித்தார், ரயில்வேயில் சேர்ந்தார், ஒருநாளும் பிந்தவில்லை, இளைப்பாறினார். ஒன்றரைப் பக்கத்தில் முடிந்தது.

“வேறை என்ன சித்தப்பா?”

“வேறை என்ன? நேரத்துக்கு எழும்பினவர், நேரத்துக்குச் சாப்பிட்டவர். அமைதியானவர் எண்டு போடு.”

“போட்டாச்சு. இன்னும் கனக்கப் பக்கம் கிடக்கு.”

“வெறும் பக்கம் விட்டா ஊர் சிரிக்கும். தாள் அனுப்பினவனுக்கும் அவமரியாதை. ஏதும் பிரயோசனமான விசயமாப் பாத்துப் போடு. எல்லாம் என்னைக் கேளாதை.”

அண்ணை, இந்த வசனத்தை நீங்கள் நன்றாக ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும். அவர்தான் சொன்னார். பிரயோசனமான விசயம் என்றால் என்னவென்று அவர் சொல்லவில்லை, கேட்க வேண்டாம் என்றும் சொன்னார். மற்ற ஆட்கள் மலரில் கைமருந்துக் குறிப்புப் போடுவார்கள். நான் ‘பிள்ளைகளுக்கு: இக்காலத்து விஞ்ஞானிகள்’ என்று தலைப்புப் போட்டு, பிளெமிங், சந்திரசேகர், மக்கிளின்ரொக், மேரி கியூரி என்று நாலு பேரின் வாழ்க்கையையும் பெயரைப் பெரிதாக எழுதி, கீழே வரலாறு எழுதி நிரப்பினேன். இதில் மக்கிளின்ரொக் அம்மையாரும் சந்திரசேகர் ஐயாவும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். உயிரோடு இருக்கிறவர்களைச் செத்தவீட்டுப் புத்தகத்தில் போட்ட பாவத்துக்குப் பயந்து, நல்லூருக்குச் சைக்கிளில் போய் இருவர் பேரிலும் அர்ச்சனை செய்யப் பார்த்தேன். ஐயர் நட்சத்திரம் கேட்டார். நட்சத்திரங்களையே படித்தவரின் நட்சத்திரம் எனக்குத் தெரியவில்லை. அம்மையாரின் பேரை ஐயர் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, “சுவாமி பேருக்கே செய்வம் பிள்ளை” என்றார்.

அச்சகம் மருதனார்மடத்துக்குப் பக்கத்தில். கரண்ட் இல்லாததால் காலால் மிதித்துத்தான் அடிக்கிறார்கள். அச்சுக் கோர்க்கிற பிலிப்பு மாமா முப்பது வருடமாக நினைவு மலர் மட்டுமே செய்கிறவர். தாள் வீணாகும் என்று முதற்படி அடித்துக் காட்டவில்லை. புத்தகக் கட்டை அவரே இன்று காலைதான் கொண்டுவந்தார். நான் ஓடிப்போய் ஒன்றை எடுத்து விரித்தேன். அண்ணை, தலைப்பைக் காணவில்லை. பெரிய எழுத்தில் எழுதிய பெயர்களைக் காணவில்லை. உள்ளே இருந்த பெயர்களையும் காணவில்லை. எல்லா இடத்திலும் ‘அன்னார்’, ‘அன்னார்’, ‘அன்னார்’. உங்கள் தகப்பனாரின் ஒன்றரைப் பக்கத்தோடு ஒரு இடைவெளியும் இல்லாமல் நாலு விஞ்ஞானிகளின் வாழ்க்கையும் போய் ஒட்டியிருந்தது. பிலிப்பு மாமாவைப் பந்தியடியில் பிடித்து, “என்ன மாமா செய்தனீங்கள்?” என்றேன். அவர் நன்றியை எதிர்பார்த்த முகத்தோடு சொன்னார்: “பயப்பிடாதை பிள்ளை, எல்லாத்தையும் நான் திருத்திப்போட்டன். நீ சின்னப்பிள்ளை, இடைக்கிடை வேறை வேறை பேரெல்லாம் எழுதியிருந்தாய். செத்தவீட்டுப் புத்தகத்திலை ஒரு ஆள்தான் இருக்கலாம்.”

அதற்குள் புத்தகம் எல்லோர் கையிலும் போய்விட்டது. நான் பாயாச வாளியைத் தூக்கிக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் திரிந்தேன். நினைவு மலரை ஒருவரும் வாசிப்பதில்லை, படத்தைப் பார்த்துவிட்டு அலுமாரியில் வைப்பார்கள், தப்பலாம் என்று நினைத்தேன். நினைத்து முடிய முன்னர், இளைப்பாறிய தலைமை ஆசிரியர் தியாகலிங்கம் மாஸ்டர் நினைவுரை சொல்ல எழும்பினார். பேச ஆயத்தம் செய்திருக்கவில்லை போலும். புத்தகத்தை விரித்து அப்படியே உரத்து வாசிக்கத் தொடங்கினார். “அன்னார் ஒருநாளும் பிந்தாமல் கடமை புரிந்து இளைப்பாறினார். அன்னார் தமது கோப்பைகளைக் கழுவாமல் விட்டு விடுமுறையில் சென்று திரும்பியபோது, அவற்றுள் ஒன்றில் பூஞ்சணம் பிடித்திருக்கக் கண்டார்.”

நான் வாளியோடு பெண்களின் பக்கம் ஒதுங்கினேன். ஆனால் ஒருவரும் அதிசயப்படவில்லை. பெரியம்மா பாயில் இருந்தபடி, “அது உண்மை. ஒருநாளும் கோப்பை கழுவினதில்லை” என்றா. இன்று அவ சொன்ன கடைசிச் சொல் அதுதான்.

மாஸ்டர் தொடர்ந்தார். அந்தப் பூஞ்சணத்தில் இருந்து கோடிக்கணக்கான உயிரைக் காத்த மருந்து வந்தது என்றார். அன்னார் இளவயதில் கப்பலில் இங்கிலாந்து போனார் என்றார். எனக்குப் பின்னால் இருந்த பெண்கள் கதைத்தது இதுதான்:

“கப்பல்லையும் போனவரோ?”

“காங்கேசன்துறையிலை ஏறியிருப்பார்.”

“பார், ஒருநாள் வாய் திறந்து சொல்லேல்லை மனிசன்.”

“அடக்கமான ஆள்.”

அண்ணை, நினைவு மலரில் எழுதினால் எங்கள் சனம் எதையும் ஏற்றுக்கொள்ளும் என்பது இன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஊரையே வழக்குப் பேசி ஓட்டாண்டியாக்கியவருக்கும் ‘கொடைவள்ளல்’ என்றுதானே போடுகிறார்கள்? அந்தக் கணக்கில் ஒரு ஸ்டேசன் மாஸ்டர் சோளப்பொத்தியில் நிறம் மாறுவதன் காரணத்தைக் கண்டுபிடிப்பது பெரிய பொய்யாக யாருக்கும் படவில்லை. “1983ஆம் ஆண்டு தமக்கு நோபல் பரிசு கிடைத்த செய்தியை அன்னார் வானொலியில் கேட்டறிந்தார்” என்று மாஸ்டர் வாசித்தபோது, “ஓமோம், எந்த நேரமும் ரேடியோவைக் காதிலை வைச்சிருக்கிறவர்தான்” என்று ஒருவர் சாட்சி சொன்னார்.

அடுத்த வசனம், அன்னார் இன்றுவரை திருமணம் செய்யவில்லை என்பது. மாஸ்டர் வாசித்துவிட்டு ஒருமுறை நின்றார். பெரியம்மாவைப் பார்த்தார். செருமினார். வாசிக்கத் தொடங்கியதை நிறுத்தத் தெரியாத மனிதர், அடுத்த பக்கத்தைத் திருப்பினார். “அன்னாரின் துணைவர் மழை நாளொன்றில் தெருவைக் கடக்கையில் குதிரை வண்டியில் அகப்பட்டு உயிர் நீத்தார்.”

முழுச் சபையும் திரும்பி, பாயில் உயிரோடு இருந்த பெரியம்மாவைப் பார்த்தது.

பந்தியிலிருந்து ஒரு குரல் எழும்பியது. “அது பெரியப்பா இல்லை! அது மேரி கியூரி! அது என்ரை ஆள்!” செல்வநாயகி பந்திப்பாயின் மேல் ஏறி நின்றாள், கையில் அரைவாசி கடித்த வடை. பல் இல்லாத வாயால், ஒழுகிய கொட்டகையையும் இரும்புத் தடியையும் இரண்டு நோபல் பரிசையும் ஒரு பிழையில்லாமல் சொன்னாள். அவள் முடிக்கவும், “சோளம் என்ரை ஆள்!” என்று ஒருத்தி எழும்பினாள். “கோப்பை கழுவாதது என்ரை ஆள்!” என்று ஒருவன். தியாகலிங்கம் மாஸ்டர் பழக்கதோசத்தில், “சத்தம் வேண்டாம், ஒவ்வொருத்தராச் சொல்லுங்கோ. நீ சொல்லு பிள்ளை” என்று வகுப்பு எடுக்கத் தொடங்கிவிட்டார். அண்ணை, நான் பயத்தில் செத்துக்கொண்டிருந்தேன், ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் என் நெஞ்சு தேர் வடம் பிடித்தவளின் நெஞ்சு மாதிரி இருந்தது. இருட்டுப் பங்கருக்குள் அழுது கொண்டிருந்த பிள்ளைகள், ஊர்ப் பெரியவர்கள் அத்தனை பேருக்கும் முன்னால் நட்சத்திரம் எரிந்து முடிகிற கதையைச் சொல்கிறார்கள்!

“ஆர் உங்களுக்கு உதுகளைச் சொல்லித் தந்தது?” என்று சித்தப்பா கத்தினார். எல்லாப் பிள்ளைகளும் பெருமையோடு என்னைச் சுட்டிக் காட்டினார்கள். பாயாச வாளி விழுந்தது. அதே நேரத்தில் ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டது. உயிரைப் பறிக்க வருகிற ஒன்று என் உயிரைக் காப்பாற்றியது வாழ்க்கையில் அதுதான் முதல் தரம்.

சபை முழுவதும் பங்கருக்குள் பாய்ந்தது. உள்ளே இடம் கிடைக்காதவர்கள் வாழைத் தோட்டத்துக்குள் படுத்தார்கள். உள்ளே ஒருவர் மடியில் ஒருவர். மேலே சடசடவென்று சுடுகிற சத்தம். பிறகு இருட்டில் ஒரு கிழவர், வெங்காயத் தோட்டக்காரர், மெல்லக் கேட்டார்: “பிள்ளை, அந்தச் சோளக்கார மனிசிக்குப் பிறகு என்ன நடந்தது?”

“ஒருத்தரும் நம்பேல்லை அப்பு. அவ தன்ரை பாட்டிலை சோளத்தைப் பாத்துக்கொண்டே இருந்தவ. எண்பத்தொரு வயசிலைதான், நீங்கள் சொன்னது சரி எண்டு பரிசு குடுத்தவை.”

“என்ரை தோட்டத்திலையும் ஒரு பொத்தியிலை ரண்டு நிறம் வாறது. நான் பசளை காணாது எண்டெல்லோ நினைச்சன். நாளைக்குக் கொண்டந்து காட்டுறன்.”

இன்னொரு மூலையில் இருந்து, தன்னை ஒருவருக்கும் தெரியாது என்ற நினைப்பில், ஒரு குரல் கேட்டது. “அந்தக் கப்பல்லை போன பெடியன்ரை கணக்குச் சரியோ, பிழையோ?” சித்தப்பா. நான் முழங்காலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொன்னேன். “சரி சித்தப்பா. பெரிய ஆள் ஒருவர் சபையிலை வைச்சுப் பகிடி பண்ணினவர். ஆனாக் கணக்குச் சரி.” இருட்டுக்குள், “ம்” என்றார். திருப்தியான ‘ம்’.

வெளிச்சத்துக்கு வந்ததும் அவர் பழையபடி சித்தப்பா ஆகிவிட்டார். “என்ரை அண்ணையின்ரை பேர் கெட்டுப்போச்சு, மச்சாளை உயிரோடை சாக்கொண்டாச்சு, நாளைக் காலமை எல்லாப் புத்தகத்தையும் சேர்த்துக் கொளுத்திறது, மச்சாள் ஒரு சொல்லுச் சொன்னாச் சரி” என்று பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா எழும்பி, தன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினா. பிள்ளைகள் புத்தகத்தைச் சட்டைக்குள்ளும் காற்சட்டைக்குள்ளும் செருகிக்கொண்டு வேலியால் பாய்ந்தார்கள். நான் பங்கருக்குள்ளேயே திரும்பிப் போய்ப் பொழுது படும்வரை இருந்தேன்.

செத்தவீடு தொடங்கி நான் பெரியம்மாவுக்குத் துணையாக இங்கேதான் படுக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவவின் விளக்கு இன்னும் எரிகிறது. இடைக்கிடை பக்கம் புரளுகிற சத்தம் கேட்கிறது. குதிரை வண்டியில் நான் கொன்ற பக்கத்துக்கு வந்துவிட்டாவோ தெரியாது. அண்ணை, எப்படியாவது செஞ்சிலுவை மூலம் ‘கொளுத்த வேண்டாம்’ என்று ஒரு சேதி அனுப்புங்கோ. இன்னொன்று. அன்னாருக்கு இரண்டு பெண் பிள்ளைகள் என்றும், மூத்தவரும் நோபல் பரிசு பெற்றவர் என்றும் புத்தகத்தில் இருக்கிறது. அங்கே யாராவது உங்கள் சகோதரிகளைச் சுகம் விசாரித்தால் பதறாதையுங்கோ. குளிருக்குக் காதைக் கட்டுங்கோ, நேரத்துக்குச் சாப்பிடுங்கோ, என்னை வெறுக்காதையுங்கோ, எல்லாம் வல்ல முருகன் உங்களுக்கு நீண்ட ஆயுளும் நல்ல

பெரியம்மாவின் விளக்கு நகருகிறது. செருப்புச் சத்தம். அண்ணை, கதவைத் தட்

பி.கு: விடிந்துவிட்டது. கடிதம் கொண்டுபோகிறவர் படலையில் நிற்கிறார், ஆகவே கெதியாக எழுதுகிறேன். தட்டியது பெரியம்மாதான். வந்து என் கட்டிலில் இருந்தா.

“பிள்ளை, நான் செத்திட்டனோ?”

“இல்லைப் பெரியம்மா. அது அந்த அம்மாவின்ரை புருசன்.”

“புருசன் போன பிறகு அந்த மனிசி என்ன செய்தவ? பிலிப்பன் உதிலை விளங்கப் போடேல்லை.”

“அவரின்ரை படிப்பிக்கிற உத்தியோகத்தை அவவுக்கே குடுத்தவை. முதல்நாள் வகுப்புக்குப் போய், அவர் எந்த இடத்திலை விட்டவரோ, அந்த இடத்திலையிருந்து தொடங்கினவ.”

“அவர் விட்ட இடத்திலையிருந்தோ?”

“ஓம் பெரியம்மா.”

பெரியம்மா கையிலிருந்த புத்தகத்தை மூடினா. பிறகு இடுப்பில் செருகியிருந்த பெரியப்பாவின் பொக்கற் மணிக்கூட்டை எடுத்தா. செத்தவீட்டன்று நின்றது, ஒருவரும் சாவி கொடுக்கவில்லை. சாவி கொடுத்து, காதில் வைத்துக் கேட்டுவிட்டு, “படு. விடியப் பாப்பம்” என்றா.

விடியச் சித்தப்பா சாக்கோடு வந்தார். பெரியம்மா வாசலில் நின்று, “கொளுத்திறதெண்டா முதல் என்னைக் கொளுத்து. ஏற்கனவே ஒருக்காச் செத்தவள்தானே, எனக்குப் பழக்கம்” என்றா. இப்போது சித்தப்பா வீடு வீடாகப் போகிறது உண்மை. ஆனால் சாக்கோடு அல்ல, பெரியம்மா கையில் கொடுத்த பேனையோடு. பிலிப்பு மாமா விட்ட பெயர்களை ஒவ்வொரு புத்தகத்திலும் அந்தந்த இடத்தில் எழுதிக் கொடுக்கிறார். எழுத்துப் பிழை விடாமல் பார்க்கச் செல்வநாயகி கூடப் போகிறாள். “கியூரிக்கு உந்த எழுத்தில்லைச் சித்தப்பா” என்று அவள் அதட்டுவது இங்கே கேட்கிறது. வெங்காயத் தோட்டக்கார அப்பு சோளப்பொத்தியோடு வந்து குந்தியிருக்கிறார்.

ஆகவே மேலே எழுதிய எல்லாவற்றையும் மறந்துவிடுங்கோ. கடிதத்தைக் கிழிக்க வேண்டாம். எல்லோருக்கும் காட்டுங்கோ, குறிப்பாக எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்களுக்கு. வருடம் முடிய வருகிற ஆட்டைத் திவசத்துக்கு இன்னொரு புத்தகம் அடிக்க வேண்டும், தலைப்போடு, இன்னும் கனக்க விஞ்ஞானிகளோடு. தாள் அனுப்பச் சொல்லிப் பெரியம்மாவின் உத்தரவு. படங்களும் அனுப்பட்டாம்.

ஒன்றே ஒன்று. பெரியம்மாவின் புத்தகத்தில் பெயர்களை எழுத நான் பேனையை எடுத்தபோது, கையைப் பிடித்துவிட்டா. “என்ரையிலை ஒண்டும் எழுதாதை. எத்தினை வருசம் மழையிலும் புயலிலும் ரயிலை நேரத்துக்கு விட்ட மனிசன். ஒருத்தனும் ஒரு நல்ல வார்த்தை சொல்லேல்லை. இந்தப் புத்தகத்திலை மட்டும் அந்தப் பரிசு அவருக்கே இருக்கட்டும்.” விஞ்ஞானத்துக்கு விரோதம் என்று தெரிந்தும் நான் பேனையை மூடிவிட்டேன்.

இதை மட்டும், அண்ணை, ஒருவருக்கும் காட்டாதையுங்கோ.